சரணம் இல்லாத பாட்டுக்கு யார் சாட்சி

மைக் பிடிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே, போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்து, "தொண்டையை எப்படி டீச்சர் காப்பாத்துனீங்க?" என்று கேட்டார். வெந்நீர் குடித்தேன். தொண்டை விஷயம் அத்தோடு முடிந்தது. என்ன நிறத்தில் உடுத்துவது, எப்படி நிற்பது, எந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டுவார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது. எனக்கு உருப்படியாகத் தெரிந்தது சந்தேகப்படுவது ஒன்றுதான். அதைக் கற்றுக்கொடுக்க வகுப்பு எதுவும் நடக்கிற மாதிரி தெரியவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் பகலில் திருச்சியில் பள்ளி ஆசிரியை, மாலையில் ஒரு மெல்லிசைக் குழுவின் அறிவிப்பாளர். கோயில் திருவிழா, மாதா கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, தொழிலாளர் குடியிருப்புகளில் ஆயுத பூஜை என்று வருஷம் முழுக்க மேடை இருக்கும். பாடுகிறவர்களுக்குப் பாட்டைப் பற்றிக் கவலை, எனக்குத் துண்டுச் சீட்டைப் பற்றிக் கவலை. இன்ன பாட்டு வேண்டும், இன்னாருக்கு வாழ்த்துச் சொல்லவும் என்று எழுதி, கூட்டத்திலிருந்து கைமாறிக் கைமாறி மேடைக்கு வரும் சீட்டுகள் அவை. வந்ததை அப்படியே வாசிப்பதுதான் என் வேலை என்று ஆரம்பத்தில் நம்பிக்கொண்டிருந்தேன்.

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஒரு நிகழ்ச்சி. ஒரு பெண்ணின் பெயரையும் ஒரு பையனின் பெயரையும் எழுதி, 'நிச்சயமான ஜோடிக்கு வாழ்த்து' என்று ஒரு காதல் பாட்டைக் கேட்டிருந்தது சீட்டு. வாசிக்க வாயைத் திறந்தேன். பின்னால் ஆர்மோனியத்தில் இருந்த மாஸ்டர் ஒரு அபஸ்வரத்தை அழுத்தி நீட்டினார். அவர் எங்கள் குழுத் தலைவர். மேடையில் என்னை நிறுத்த அவர் வைத்திருந்த அடையாளம் அந்த அபஸ்வரம்.

"நல்ல எண்ணத்துல எழுதுனவன் நம்ம வாயைப் பாத்துக்கிட்டு இருப்பான். கூட்டத்துல யாரு வேற பக்கம் பாக்குறான்னு பாருங்க" என்றார், உதடு அசையாமல்.

பார்த்தேன். ஓரமாக நின்ற சில பையன்கள் பெண்கள் வரிசைப் பக்கம் திரும்பி, ஒரே ஒரு பெண்ணைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பாவம், வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். நான் வாசித்திருந்தால் அவள் எப்படி வீடு போய்ச் சேர்ந்திருப்பாள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. சீட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த பாட்டை அறிவித்தேன்.

அதன் பிறகு எதைக் கொடுத்தாலும் சந்தேகம்தான். பிறந்தநாள் என்றால், யாருடையது, அவர் வந்திருக்கிறாரா, கையைத் தூக்கச் சொல்லுங்கள் என்பேன். இரங்கல் செய்தி என்றால் இறந்தவரின் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறேன். இறந்தவரே கதவைத் திறந்திருக்கிறார். ஊரில் எனக்கு 'சந்தேக டீச்சர்' என்று பெயர் விழுந்தது. நல்ல பெயர்தான், நான் வருத்தப்படவில்லை.

இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. அந்தக் காலத்தில் பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயர், இசையமைத்தவர், பாடியவர் இவ்வளவுதான் சொல்வார்கள். எழுதியவர் பெயரை யாரும் சொல்வதில்லை. வாத்தியாரம்மா புத்தி, எனக்கு அது பொறுக்காது. செய்யுளைச் சொன்னால் எழுதியவரைச் சொல்ல வேண்டாமா? இசைத்தட்டு உறையில் பார்த்து, தெரியாததை விசாரித்து, ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயரைச் சொல்லிவந்தேன். கூட்டம் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரே ஒரு ஆள் கவனித்திருக்கிறார். அவரைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் பின்பகுதியில், கொடைக்கானல் டிவி ஒளிபரப்பு வந்த பிறகு, தமிழ்த் தொடர்கள் திருச்சி வீடுகளுக்குள் நுழைந்தன. அதுவரை சினிமாப் பாட்டு கேட்ட சீட்டுகள், தொடரின் தொடக்கத்தில் வரும் பாட்டைக் கேட்க ஆரம்பித்தன. சினிமாப் பாட்டுக்குக் கேசட் கிடைக்கும். இதற்கு எங்கே போவது? டிவிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, வீட்டில் எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டுப் பிடித்து வருவோம். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசிலடித்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும். பிடித்து வந்தாலும் வெறும் பல்லவிதான் இருக்கும், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். மேடைக்கு அது போதாது என்று மாஸ்டர் தானாகவே ஒரு இடையிசை கட்டி, பல்லவியைத் திரும்பப் பாடவைத்து நீட்டிவிடுவார். அப்போது அவர் கீபோர்டுக்கு மாறியிருந்தார்.

அப்படி ஒரு பாட்டு அந்த வருஷம் ஊரையே பிடித்து ஆட்டியது. தொடரின் பெயர் வேண்டாம். பாட்டு இதுதான்:

யாரோ வருவார் என்று வாசல் விழித்திருக்கும்
காத்துக் கிடக்கிற விளக்குக்குத் தூக்கமில்லை

எங்கள் குழுவில் இதைப் பாடியவள் வைதேகி. ஸ்ரீரங்கம் உத்தர வீதிப் பெண். அவளுக்கு இந்தப் பாட்டில் ஒரு தீராத சண்டை. இரண்டாவது வரியில் மெட்டு நீண்டுகொண்டே போய், 'விளக்குக்கு' என்ற சொல்லின் நடுவில் வந்துதான் மூச்சு எடுக்க இடம் தரும். டிவியில் பாடியவரும் அங்கேதான் எடுத்திருந்தார். 'விளக்' என்று நிறுத்தி, மூச்சை இழுத்து, 'குக்குத் தூக்கமில்லை' என்று தொடங்க வேண்டும். அந்த இடம் வந்தால் முன்வரிசைக் குழந்தைகள் விக்கல் எடுத்துக் காட்டும்.

"அளவெடுக்காம தெச்ச ரவிக்கை மாதிரி இருக்கு டீச்சர் இந்த வரி. பெருமாள் கிருபை இருந்தா ஒரு நாளாவது இந்த விளக்கு உடையாம வரணும்" என்பாள்.

எங்கள் ஒத்திகை சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு பாத்திரக்கடை மாடியில் நடக்கும். ஒரு சாயங்காலம் இந்தப் பாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, காக்கிச் சட்டையோடு ஒருவர் படியேறி வந்து, பாட்டு முடியும்வரை கதவோரம் நின்றார். பெயர் முருகையன். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே காலனியில் வீடு.

"டீச்சர், நீங்கதான் பாட்டு எழுதுனவங்க பேரையும் சொல்றீங்க. அதான் உங்ககிட்ட வந்தேன். இந்த வெளக்குப் பாட்டு நான் எழுதுனதுங்க."

மாஸ்டர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, விசாரிக்க உட்கார்ந்தேன். சில வருஷங்களுக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு நாடகக் குழு திருச்சிக்கு வந்ததாம். நாடகப் பித்தில் முருகையன் போய்ப் படுதா கட்ட உதவி செய்தாராம். திரை தூக்கும்போது பாட இரண்டு வரி வேண்டும் என்று அவர்களில் ஒருவர் கேட்க, இவர் சொன்னாராம். கேட்டவரே இப்போது இந்தத் தொடரில் வேலை செய்கிறாராம். ஆனால் திரையில் 'பாடல்' என்று வருவது இவருக்குத் தெரியாத வேறு யாருடைய பெயரோ.

"எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்லீங்க. வாயால சொன்னேன்."

"பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப வீட்டுல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க. பெருசா ஏதாவது நடக்கும்போது சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லும் ஆளை வைத்துக்கொண்டு எதை நம்புவது? அவர் கேட்டது இவ்வளவுதான். ஆயுத பூஜைக்கு அவருடைய காலனியில் எங்கள் நிகழ்ச்சி. அந்தப் பாட்டுக்கு முன்னால் எழுதியவர் என்று அவர் பெயரை நான் சொல்ல வேண்டும். பாட்டை டிவியில் கேட்ட அன்றே ஆசையில் ஷிப்ட் ஆட்களிடம் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அவர்கள் கூப்பிடுவது 'கவிஞரே' என்று.

"அதை விடுங்க டீச்சர். வீட்டுலயும் நம்பல. அந்தப் பாட்டு வந்தா எம் பொஞ்சாதி எழுந்து போய் டிவியை அணைச்சிடுறா. பொய்யன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லல. அணைச்சிடுறா, அவ்வளவுதான்."

மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "பல்லவியை யாரு வேணா கேட்டு ஒப்பிக்கலாம் தம்பி. எழுதுனவன்னா சரணம் வச்சிருப்பான். சரணத்தைச் சொல்லுங்க, நம்புறோம்."

முருகையன், உடனே ஞாபகம் வரவில்லை, அடுத்த முறை வந்து சொல்கிறேன் என்று போய்விட்டார்.

அடுத்த ஒத்திகைக்கு வந்து சொன்னார். பாடியே காட்டினார். நல்ல சரணம், சொற்கள் இழைந்து ஓடின. கேட்கக் கேட்க எனக்கு முதுகில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. அவர் பாடிய மெட்டு, மாஸ்டர் கட்டிய இடையிசை. போன மாதம் மாஸ்டர் கட்டியதற்கு, சில வருஷங்களுக்கு முன்னாலேயே இவர் எப்படிச் சொல் எழுதியிருக்க முடியும்? முதல் நாள் கதவோரம் நின்று கேட்டிருக்கிறார், வீட்டுக்குப் போய் அதற்கு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் என்பது அவருக்கே தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பிவைத்தோம்.

"புளுகன். ஆனா நல்லா எழுதுறான்" என்றார் மாஸ்டர். நானும் தலையாட்டினேன்.

ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் மனசு அடங்கவில்லை. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சொல்கிறோம். எல்லாரும் முதல் இரண்டைச் சொல்லிவிட்டு மூன்றாவதற்கு வரும்போது களைத்துப்போகிறார்கள். சரணம் பொய், சரி. அதனால் பல்லவியும் பொய் என்று எனக்கு யார் சொன்னது? சினிமாப் பாட்டுக்குத்தானே சரணம் கட்டாயம்? திரை தூக்குகிற நேரத்துக்கு இரண்டு வரி கேட்டால், எழுதுகிறவன் இரண்டு வரிதானே எழுதுவான்? முருகையனைச் சந்தேகப்பட்ட நாங்கள், எங்கள் கேள்வியைச் சந்தேகப்படவே இல்லை. இப்படி யோசித்தேனே தவிர, எந்த முடிவுக்கும் வரவில்லை. யோசனையோடுதான் ஆயுத பூஜை மேடையில் ஏறினேன்.

ஏறும்போதே விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் முன்வரிசையில் ஒரு பெண்ணைக் காட்டி, "இவங்கதான் நம்ம கவிஞர் வீட்டம்மா" என்றார். சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பெயர் செல்லம்மாள் என்று பிறகு தெரிந்தது.

இரண்டாவது பாட்டிலேயே சீட்டுகள் வர ஆரம்பித்தன. கையெழுத்து வேறு வேறு, வாசகம் ஒன்று: 'விளக்குப் பாட்டு வேண்டும். எழுதியவர் பெயரைத் தவறாமல் சொல்லவும்.' நிமிர்ந்து பார்த்தேன். நடுவில் உட்கார்ந்திருந்த ஷிப்ட் ஆட்கள் யாரும் என் வாயைப் பார்க்கவில்லை. பாதிப் பேர் செல்லம்மாளைப் பார்த்தார்கள், மீதிப் பேர் பின்னால் சைக்கிள்கள் நிறுத்தியிருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பொன்மலையில் பார்த்த அதே பார்வை.

மாஸ்டர் குனிந்து, "யாரு பேரையும் சொல்ல வேணாம். பாட்டை மட்டும் சொல்லுங்க" என்றார். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் எல்லாப் பாட்டுக்கும் பெயர் சொல்லும் நான் இதற்கு மட்டும் சொல்லாமல் விட்டால், அதுவே தீர்ப்பு. திரையில் வரும் பெயரைச் சொன்னாலும் தீர்ப்பு. முருகையன் பெயரைச் சொல்லி அது பொய்யாகிவிட்டால், அதற்கு முன்னால் நான் சொன்ன ஒவ்வொரு பெயரும் பொய்யாகிவிடும். விளக்குப் பாட்டுக்கு இன்னும் இரண்டு பாட்டு நேரம்தான் இருந்தது. தண்ணீர் டம்ளரும் கையுமாக இறங்கிய வைதேகியோடு நானும் இறங்கி, கூட்டத்தைச் சுற்றிச் சைக்கிள்கள் நின்ற பக்கம் போனேன்.

முருகையன் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஓடிப்போகிறவர் நிற்கும் நிலை.

"அந்தச் சரணம் எப்ப எழுதுனீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

"நீங்க கேட்டதுக்கப்புறந்தாங்க."

"ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"சரணம் இருந்தாத்தான் நம்புவோம்னீங்களே. ரெண்டு வரிதான் எழுதினேன்னு சொன்னா இன்னும் சிரிப்பீங்கன்னு தோணுச்சு."

எனக்கு மனசு இளகவில்லை. பெரிய பொய்யைக் காப்பாற்றச் சின்னப் பொய்யை ஒப்புக்கொள்ளும் பிள்ளைகளை வகுப்பில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவர் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"டிவி மெட்டை விடுங்க. எழுதுறப்ப உங்க மனசுல எப்படி ஓடுச்சு? பாடுங்க."

அவர் வெட்கப்பட்டார். "மெட்டெல்லாம் இல்லீங்க. ஷிப்டுக்குப் போறப்ப சைக்கிள்ல வர்றது."

"அதைத்தான் கேக்குறேன்."

சைக்கிள் சீட்டில் தட்டியபடி மெதுவாகப் பாடினார். டிவி மெட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மிதிக்கிற வேகத்தில் போகும் சாதாரண மெட்டு. 'காத்துக் கிடக்கிற' என்பதில் தானாக ஒரு நிறுத்தம் வந்தது, அங்கே மூச்சு எடுத்தார். 'விளக்குக்குத் தூக்கமில்லை' முழுசாக இறங்கியது.

வைதேகி குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "டீச்சர், விளக்கு உடையலை."

மெட்டுக்குச் சொல் எழுதுகிறவன், மூச்சு விடும் இடத்தில் சொல்லின் நடு வந்து விழும்படி எழுதமாட்டான். அப்படி விழுந்திருந்தால் சொற்கள் வேறொரு மெட்டில் முன்னாலேயே பிறந்தவை என்று அர்த்தம். அந்த மெட்டு என் எதிரில் நின்றுகொண்டிருந்தது. அப்போதும் சந்தேகம் விடவில்லை. இதையும் இவர் உட்கார்ந்து சரிசெய்திருக்கலாமே? ஆனால் நம்பவைக்க ஒரு சரணத்தையே கட்டிக்கொண்டு வந்த மனிதர், இப்படி ஒரு சாட்சி கையில் இருந்தால் முதல் நாளே கொண்டுவந்திருப்பார். இது சாட்சி என்றே அவருக்குத் தெரியவில்லை. நான் கேட்காமல் இருந்திருந்தால் பாடியிருக்கவே மாட்டார்.

மேடை ஏறினேன். கோர்ட்டில் நிற்கும் அளவுக்கு என்னிடம் எதுவும் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"அடுத்தது விளக்குப் பாட்டு. எழுதியவர் பெயரைச் சொல்லச் சொல்லி நிறையச் சீட்டு வந்திருக்கிறது. திரையில் ஒரு பெயர் வருகிறது. அவர் எழுதியதை நான் பார்க்கவில்லை. உங்கள் காலனி முருகையன், தான் எழுதியதாகச் சொல்கிறார். அதையும் நான் பார்க்கவில்லை. வைதேகி முதலில் டிவியில் வருகிற மாதிரி பாடுவார். பிறகு முருகையன் பாடுகிற மாதிரி பாடுவார். கேட்டுப்பாருங்கள்."

அபஸ்வரம் வரும் என்று எதிர்பார்த்து என் காதெல்லாம் பின்னால் இருந்தது. வரவில்லை.

முதல் முறை வாத்தியங்களோடு வந்தது. 'விளக்' என்ற இடத்தில் வழக்கம்போலக் குழந்தைகள் விக்கல் எடுத்தன, கூட்டம் சிரித்தது. இரண்டாவது முறை மாஸ்டருக்கு மெட்டுத் தெரியாது, கையைக் கட்டிக்கொண்டார். வைதேகி தனியாகப் பாடினாள், ஒரே முறை கேட்ட மெட்டை. இரண்டாவது வரி வந்தபோது விக்கலுக்குத் தயாராக இருந்த குழந்தைகள் ஏமாந்துபோய் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அந்த வரி முடிவதற்குள் செல்லம்மாள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெண்கள் வரிசையைத் தாண்டி விறுவிறுவென்று பின்பக்கம் போனாள். அவமானம் தாங்காமல் வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு மனிதரைக் காப்பாற்றுவதாக எண்ணி அவர் குடும்பத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டேனோ என்று தவித்தேன். மீதிப் பாட்டுகளை என்ன சொல்லி அறிவித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

நிகழ்ச்சி முடிந்து ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். முருகையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். செல்லம்மாள்தான் பேசினாள்.

"டீச்சர், ரெண்டாவதா பாடுனாங்களே, அந்த மெட்டு எனக்குத் தெரியும். காலையில சைக்கிளைத் துடைக்கிறப்ப இவரு முனகுறது. நாங்க டிவி வாங்குறதுக்கு ரொம்ப முன்னாடியிலேருந்து கேக்குறேன். அதுக்கு வார்த்தை இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க."

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மாஸ்டர் மட்டும் மூடிய கீபோர்டைத் திறந்து, "தம்பி, அந்தச் சரணத்தை இன்னொரு தடவை சொல்லுங்க, சேத்துக்கலாம்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு மேடையிலும், பல்லவிக்கு இரண்டு பெயர் சொல்கிறார்கள், சரணம் திருவெறும்பூர் முருகையன் என்று அறிவித்தேன்.

சீட்டைச் சந்தேகப்படுங்கள், சிரிப்பைச் சந்தேகப்படுங்கள், கூட்டத்தைக் கட்டாயம் சந்தேகப்படுங்கள். நீங்கள் கேட்கும் கேள்வியையும் அதே கண்ணால் பாருங்கள். நம்பமாட்டோம் என்று நெருக்கினால், உண்மை பேசுகிறவனும் பயத்தில் ஒரு பொய்யைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிற்பான்.

திரையில் பெயர் மாறவில்லை, அந்தத் தொடர் முடியும்வரை வேறு யாருடையதோதான் வந்தது. சில மாதம் கழித்துச் சத்திரம் பேருந்து நிலையத்தில் முருகையனைப் பார்த்தபோது, இப்போதும் வீட்டில் டிவியை அணைத்துவிடுகிறார்களா என்று கேட்டேன்.

"அணைக்கிறதில்லீங்க டீச்சர். அந்தப் பாட்டு வந்தா சத்தத்தை மட்டும் கொறைச்சிடுறா. என்னைப் பாடச் சொல்றா."